அணி செய்த கருவியும் பணி செய்த கருவியும்

பயன் தீர்ந்த கருவிக்கு மனிதன் ஏதேனும் கடன்பட்டிருக்கிறானா? கேட்பதற்கு எளிய வினா இது. விடை கூறுவதற்கோ அவ்வளவு எளியது அன்று. உழவர் கைவிட்ட ஏற்றமும், எழுத்தர் கைவிட்ட தட்டச்சுப் பொறியும் ஒரு காலத்தில் கொல்லையிலும் பரணிலும் கிடந்து, இறுதியில் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பற்றி எவரும் வருந்தியதில்லை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. பழங்கருவிகள் பரணைவிட்டு இறங்கி வரவேற்பறைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு மதிப்பு வந்திருக்கிறது. அம்மதிப்பு எத்தகையது என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள்.

மும்பை, பெங்களூரு, புது தில்லி போன்ற நகரங்களில் நூலட்டை, விளம்பரம், வணிகச் சின்னம் முதலியவற்றை உருவாக்கித் தரும் வடிவமைப்புக் கூடங்கள் பல உள்ளன. அங்கே வேலையெல்லாம் கணிப்பொறித் திரையில் நடைபெறுகிறது. ஈயமும் இல்லை, மைக்கறையும் இல்லை. எனினும் இத்தகைய கூடங்கள் சிலவற்றின் நுழைவிடத்தில், காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சுப்பொறி ஒன்று புதுக் கறுப்பு வண்ணம் பூசப்பெற்று நிற்கும். எழுத்துப் பெட்டியின் இழுப்பறை ஒன்று சுவரில் மாட்டப்பட்டு, அதன் சிற்றறைகளில் பொம்மைகள் வீற்றிருக்கும். அருகே ஒரு மேசையின்மீது பழைய மக்கின்டாஷ் கணிப்பொறி ஒன்று இருண்ட திரையோடு அமர்ந்திருக்கும். வருவோர் அவற்றைக் கண்டு வியப்பர், புகைப்படம் எடுத்துக்கொள்வர், உள்ளே செல்வர். இக்காட்சியில் மரியாதை இருக்கிறதா, அன்றி மறதிதான் அழகிய ஆடை உடுத்தி நிற்கிறதா?

இரு கருவிகள்

முதலில் அக்கருவிகள் என்ன செய்தன என்பதை அறிதல் வேண்டும். ஈய எழுத்து என்று வழக்கில் சொல்லப்படுவது தனி ஈயம் அன்று. ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்து உருக்கி வார்த்த கலப்பு உலோகம். அச்சுக்கோப்பவர் எழுத்துப் பெட்டியின்முன் நின்றவாறே, இடக்கையில் கோப்புச் சட்டத்தை ஏந்தி, வலக்கையால் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார். ஒவ்வோர் எழுத்தும் இடவலம் மாறிய உருவம். வரியோ தலைகீழாக நிற்கும். அந்நிலையிலேயே அதைப் படித்துப் பிழை காண வேண்டும். வரியின் இரு ஓரங்களும் ஒத்து நிற்குமாறு சொற்களுக்கிடையே வெற்றுக் கட்டைகளைச் செருக வேண்டும். அச்சடித்து முடிந்தபின் எழுத்துகளைக் கழுவி, பிரித்து, மீண்டும் அவ்வவற்றின் அறைகளில் இட வேண்டும். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சானது முதலாக, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் தமிழ் அச்சுநூல்களில் பெரும்பாலானவை இவ்வாறு ஒவ்வோர் எழுத்தாகக் கைதொட்டுக் கோத்தவையே.

மற்றொரு கருவியின் வரலாறு மிகச் சிறியது. 1984 சனவரி 24ஆம் நாள் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் மக்கின்டாஷ் கணிப்பொறியை வெளியிட்டது. அதற்கு ஒன்பது அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை. 128 கிலோபைட் நினைவகம். இன்று கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் ஒன்றைக்கூட அந்நினைவகம் தாங்காது. ஆயினும் மறு ஆண்டே, 1985இல், லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளும் அதனோடு வந்து சேர்ந்தன. மூன்றும் கூடியபோது, ஒருவர் தம் மேசையிலிருந்து எழாமலே பக்கம் முழுவதையும் அமைத்துவிடலாம் என்ற நிலை பிறந்தது. அச்சுக்கோப்பவர், பிழை திருத்துவோர், பக்கம் கட்டுவோர் எனப் பலர் பகிர்ந்து செய்த தொழில் ஒருவரின் விரல் நுனிக்கு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இந்திய நகரங்களிலும் ஈய எழுத்து அச்சகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன.

எனவே, அக்கூடத்தின் நுழைவிடத்தில் நாம் காண்பது விந்தையான ஒரு சந்திப்பு. தோற்றதும் வென்றதும் ஒரே விளக்கொளியில் அருகருகே நிற்கின்றன. வென்ற கருவியையும் அதன் வழித்தோன்றல்களே பணிநீக்கம் செய்துவிட்டன. முன்னதற்கு நானூறு ஆண்டு. பின்னதற்கு ஒரு தலைமுறைகூட இல்லை.

நன்றி யாருக்கு?

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் அங்கே பேசப்படும் நன்றி மனிதர் மனிதர்க்குச் செலுத்துவது. உதவி செய்தவர் அதை மனமுவந்து செய்தார். ஆதலின் நாம் கடன்பட்டோம். இரும்புக்கு மனமில்லை. அது நமக்கு உதவ எண்ணியதுமில்லை, மறுக்க எண்ணியதுமில்லை. அவ்வாறாயின் பொறிக்கு நன்றி பாராட்டுவது பேதைமை ஆகாதா?

கருவி வெறும் இரும்பும் மரமும் மட்டுமாயின் இவ்வாதம் சரியே. ஆனால் எழுத்துப் பெட்டியின் இழுப்பறையைச் சற்று உற்று நோக்குவோம். அதன் அறைகள் ஒரே அளவின அல்ல. சில பெரியவை, சில மிகச் சிறியவை. ஆங்கிலப் பெட்டியில் மற்றெல்லா எழுத்துகளையும்விட 'இ' என்னும் எழுத்துக்குப் பெரிய அறை தரப்பட்டிருக்கும். அம்மொழியில் அதுவே மிகுதியாக வருவது. அடிக்கடி வேண்டும் எழுத்துகள் கைக்கு அருகிலும், அரியவை தொலைவிலும் அமைந்திருக்கும். இதை எந்த ஒரு மேதையும் ஒரே நாளில் வகுக்கவில்லை. எத்தனையோ தலைமுறைத் தொழிலாளரின் தோள்வலியும் கண்வலியும் மெல்ல மெல்லக் கற்பித்த பாடம் மரத்தில் உறைந்து நிற்கிறது. கருவி என்பது முன்னோர் அறிவின் கெட்டிப்பட்ட வடிவம். அதற்குச் செலுத்தும் நன்றி அதனுள் தம் அறிவை வைத்துச் சென்ற மனிதர்க்கே போய்ச் சேர்கிறது. அந்தச் சிற்றறைகளில் பொம்மைகளை நிறுத்தும்போது, அறைகளின் அளவு ஏன் வேறுபடுகின்றது என்ற கேள்வியே எழுவதில்லை. பொருள் நம் சுவரில் இருக்கிறது; அதன் பொருண்மை போய்விட்டது.

ஔவை கண்ட இரு கொட்டில்கள்

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டு புறநானூற்றில் 95ஆவதாக உள்ளது. தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல்மிக்க மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. கேட்பதற்குத் தொண்டைமானைப் புகழ்வதுபோல் தோன்றும். உண்மையில் புகழ் யாருக்கென்பது தமிழறிந்தார்க்கு விளங்கும்.

ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய இப்பாட்டு நம் வினாவுக்கு நேரே விடை கூறுவதுபோல் அமைந்திருக்கிறது. அணி செய்யப்பட்ட கருவி அழகானது. பணி செய்த கருவியோ சிதைந்தது. கருவிக்குரிய பெருமை முன்னதைச் சார்ந்ததன்று. உலைக்களம் என்பது குப்பைமேடும் அன்று. சிதைந்ததைச் செப்பஞ்செய்து மீண்டும் பணிக்கு அனுப்பும் இடம். கருவியை மதிப்பவன் அதைக் கொல்லனிடம் கொண்டு செல்கிறான், மாலைக்காரனிடம் அல்ல.

நம் ஆயுத பூசையும் இதையே வேறொரு வகையில் கற்பிக்கிறது. அன்று அச்சகத்தார் பொறிகளைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பணியை நிறுத்தி வழிபடுவர். கணிப்பொறி வந்தபின் அதற்கும் அப்பொட்டு கிடைத்தது. ஆனால் அடுத்த நாள் விசயதசமி. அன்று அக்கருவியைக் கையிலெடுத்துத் தொழில் தொடங்கியாக வேண்டும். ஒருநாள் ஓய்வுக்கும் மாலைக்கும் பொருள் தருவது மறுநாள் உழைப்பே. விசயதசமி இல்லாத ஆயுத பூசையாக ஆண்டு முழுதும் நீளும் அலங்காரத்தை என்னென்பது?

அன்பு செய்யும் கேடு

அலங்காரத்தால் தீங்கு ஏதும் இல்லையே என்பாரும் உளர். தீங்கு உண்டு. மரத்தில் செதுக்கிய பெரிய சுவரொட்டி எழுத்துகளைப் பழம்பொருள் வணிகர் தனித்தனியே விற்கின்றனர். தம் பெயரின் முதலெழுத்தை வாங்கி மேசையில் வைத்துக்கொள்வதில் பலருக்கு விருப்பம். ஆனால் ஓர் எழுத்துத் தொகுதியிலிருந்து நான்கைந்து எழுத்துகள் பிரிந்துவிட்டால், எஞ்சியவற்றைக் கொண்டு ஒரு தொடரைக்கூட ஒழுங்காகக் கோக்க முடியாது. பழந்தட்டச்சுப் பொறிகளின் விசைகளை வெட்டியெடுத்து மோதிரமும் காதணியும் செய்கிறார்கள். அணிகலன் கிடைக்கிறது, பொறி ஊமையாகிறது. 1955இல் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 2009இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது. இனி வெட்டப்படும் ஒவ்வொரு பொறியும் ஈடு செய்ய முடியாத ஒன்று என்பதை நினைத்தல் வேண்டும்.

இன்னொன்று இதனினும் நுட்பமானது. முன்னைய அச்சுத் தொழிலாளர், எழுத்து தாளைத் தொட்டும் தொடாமலும் மை மட்டும் படியுமாறு அடிப்பதையே திறமை என்று கருதினர். தாளின் பின்புறம் தடவினால் மேடு தட்டக் கூடாது. தட்டினால் அது குற்றம். இன்று திருமண அழைப்பிதழையும் முகவரி அட்டையையும் பழைய பொறியில் அச்சிட விரும்புவோர், எழுத்து தடித்த தாளில் ஆழமாகப் பள்ளம் விழ வேண்டும் என்று கேட்கின்றனர். பள்ளம் இல்லாவிட்டால் பழைய முறையில் அடித்தது எப்படித் தெரியும்? மேதகு தொழிலாளி தவிர்க்கப் பாடுபட்ட குற்றமே இன்று அழகின் இலக்கணமாகிவிட்டது. புது வார்ப்புத் தகட்டில் அவ்வாறு செய்தால் அவ்வளவு கேடில்லை. பழைய ஈய எழுத்தில் செய்தாலோ அது விரைவில் நசுங்கித் தேயும். அறியாத அன்பு, அன்புக்குரிய பொருளையே தேய்த்துவிடுகிறது.

கணிப்பொறியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இரும்பாலான அச்சுப்பொறி நூறாண்டு நின்றாலும், துருவைத் துடைத்து எண்ணெயிட்டு, புது உருளை பூட்டினால் உயிர்பெறும். பழங்கணிப்பொறியோ சும்மா இருப்பதாலேயே சாகும். உள்ளிருக்கும் மின்கலம் கசிந்து சுற்றுப் பலகையை அரிக்கும். காந்தத் தட்டில் எழுதிய செய்தி மெல்ல மங்கும். வெளியே பெட்டி மாசின்றி விளங்கும். உள்ளே ஒன்றும் இராது. அலங்காரப் பார்வை வெளிப்புறத்தோடு நின்றுவிடுவதால் இச்சாவு எவருக்கும் தெரிவதில்லை.

எதிர்வாதம்

இங்கே நேர்மையான எதிர்வாதம் ஒன்றைச் செவிமடுத்தல் வேண்டும். பழைய அச்சுக்கூடம் சொர்க்கம் அன்று. நாள் முழுதும் நின்ற கால்களும், மங்கிய ஒளியில் நுண்ணெழுத்தைத் தேடிய கண்களும் அங்கே இருந்தன. ஈயம் உடலுக்கு நஞ்சு. எழுத்தைத் தொட்ட கையாலேயே உணவு உண்டவர் பலர். கூலியோ குறைவு. அப்பொறி போனதற்கு, அதன்முன் உழைத்தவரின் மக்கள் கண்ணீர் விட வேண்டியதில்லை. பழமைக்கு ஏங்குவோர் பெரும்பாலும் அப்பழமையில் உழைக்காதவர்களே. ஆதலின் 'பொறி ஓடத்தான் வேண்டும்' என்று சொல்வதும் ஒருவகை ஆடம்பரம் அன்றோ?

இவ்வாதத்தில் உண்மை மிகுதியாக உள்ளது. ஆனால் அது அலங்காரத்துக்குத் துணை வருவதில்லை. அதை இன்னும் கடுமையாகவே கண்டிக்கிறது. ஏனெனில், பளபளக்கும் வண்ணம் முதலில் மறைப்பது அந்த உழைப்பையும் நோயையுமே. பொறியின் வளைந்த சக்கரம் அழகாகத் தெரிகிறது. அதை மிதித்த கால் தெரிவதில்லை. மேலும், கணிப்பொறி வந்தபோது கோப்புச் சட்டத்தைக் கீழே வைத்தவர் எல்லார்க்கும் புதுப்பணி கிடைக்கவில்லை. இருபது ஆண்டு, முப்பது ஆண்டு கற்ற திறன் சில ஆண்டுகளுக்குள் விலைபோகாததாயிற்று. கருவிக்கு வரவேற்பறையில் இடம் கிடைத்தது. அதை இயக்கியவருக்கு அதே இல்லத்தில் நாற்காலி உண்டா? இவ்வினாவைத் தவிர்த்துவிட்டுப் பழங்கருவிப் பற்று பேசுவது அறமாகாது.

காத்தவர்கள் காட்டிய வழி

முறையாகக் காத்தவர்களும் உலகில் உண்டு. இங்கிலாந்தில் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் 1951இல் இயங்கத் தொடங்கிய டெகட்ரான் கணிப்பொறி, பின்னர் ஒரு கல்லூரியில் மாணவர்க்குப் பயிற்சி தந்து, 1973இல் ஓய்வு பெற்று, காட்சிப் பொருளாகவும் கிடங்குப் பொருளாகவும் பல்லாண்டு கழித்தது. இரண்டரை டன் எடையுள்ள அதைத் தன்னார்வலர் சிலர் மூன்றாண்டு உழைத்துச் செப்பனிட்டு, 2012இல் பிளெச்லி பூங்காவிலுள்ள தேசியக் கணிப்பொறி அருங்காட்சியகத்தில் மீண்டும் இயக்கினர். அது கணக்கிடும் வேகம் மிகக் குறைவு. ஆனால் அதன் விளக்குகள் ஒவ்வொன்றாக நகர்வதைக் காணும் மாணவன், கணிப்பொறி எண்ணுவது எவ்வாறு என்பதைக் கண்ணால் கற்கிறான்.

அதே இடத்தில் இதற்கு மறுதலையான பாடமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பகைவரின் மறைசெய்திகளை உடைத்த கொலோசஸ் பொறிகளுள் பெரும்பாலானவை போருக்குப்பின் பிரித்தழிக்கப்பட்டன. டோனி சேல் என்பார் 1993 முதல் அதை மீண்டும் கட்ட முனைந்தபோது, அவருக்குக் கிடைத்தவை சில புகைப்படங்களும், சுற்றுப்படத் துண்டுகளும், முதுமையுற்ற பொறியாளர்களின் நினைவுகளுமே. பொறி அழிந்தும் அறிவு சிலரிடம் எஞ்சியிருந்ததால்தான் அது மீண்டது. பொறியை மட்டும் வைத்துக்கொண்டு அறிவை இழந்தவர்க்கு அவ்வழி இல்லை.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரிலுள்ள பிளான்டின் மோரெட்டஸ் அச்சகம் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. 1877 முதல் அருங்காட்சியகமாக விளங்கும் அங்கே, ஏறத்தாழ 1600ஆம் ஆண்டைச் சேர்ந்தனவும் உலகில் எஞ்சியவற்றுள் மிகப் பழமையானவுமாகிய இரு அச்சுப்பொறிகள் உள்ளன. ஆனால் அவற்றினும் மேலான செல்வம், எழுத்து வெட்டிய உளிமுனைகளும், வார்ப்பச்சுகளும், கணக்கேடுகளும், கடிதங்களும் சிதறாமல் ஒருங்கே இருப்பதுதான். ஓட முடியாதது முழுமையாகவாவது இருக்கட்டும் என்பதே அது கற்பிக்கும் நெறி.

நம் நாட்டவர் ஒருவரின் செயலையும் இங்கே நினைத்தல் தகும். காந்தியடிகள் 1904இல் தென்னாப்பிரிக்காவின் பீனிக்ஸ் குடியிருப்புக்கு 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் அச்சகத்தை மாற்றினார். தொடக்க காலத்தில் தமிழ்ப் பகுதியும் தாங்கிவந்த இதழ் அது. எண்ணெய் எஞ்சின் பொருத்தியிருந்தும், அது நின்றுவிட்டால் கையால் சுழற்ற ஒரு சக்கரத்தையும் அவர் ஏற்பாடு செய்திருந்தார். முதலிரவே எஞ்சின் ஓட மறுத்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பி, முறைவைத்துச் சக்கரத்தைச் சுழற்றி, விடியும்வரை அச்சிட்டனர். பின்னொரு காலத்தில் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுக் கையாலேயே ஓட்டினர் என்றும், பீனிக்ஸின் அறவாழ்வு உயர்ந்து நின்ற நாட்கள் அவையே என்றும் அடிகள் தம் வரலாற்றில் குறித்துள்ளார். பழைய சக்கரத்தை அவர் நினைவுச் சின்னமாக வைத்திருக்கவில்லை, ஆயத்தமாக வைத்திருந்தார். அக்கருவியின் மதிப்பு அது எத்துணைப் பழையது என்பதில் இல்லை. அதைச் சுற்றி நின்றவரை அது எத்தகைய மனிதராக்கியது என்பதில் இருந்தது.

செய்யத்தக்கவை

இவற்றால் நமக்குப் புலப்படும் கடமைகள் மூன்று. முதலாவது, ஓடக்கூடியதை ஓடவிடுதல். நாள்தோறும் வேண்டா, ஆண்டுக்கு ஒருமுறை விசயதசமியன்றேனும் பொறியைத் துடைத்து, முறையறிந்தவர் மேற்பார்வையில் ஒரு தாளாவது அச்சிடலாம், கணிப்பொறியைத் திறந்து மின்கலத்தை நீக்கி உள்ளுறுப்பைக் காக்கலாம். இரண்டாவது, ஓடாததைச் சிதைக்காதிருத்தல். தொகுதியைத் தொகுதியாகவே வைத்தல். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதும் பழைய ணை, லை, றா, னா முதலிய பதின்மூன்று எழுத்து வடிவங்கள் வழக்கொழியத் தொடங்கின. அதற்கு முந்திய தமிழ் ஈய எழுத்துத் தொகுதி ஒன்று முழுமையாகக் கிடைத்தால், அது எழுத்து வரலாற்றின் சான்றேடு. பிரித்து விற்றால் ஒரு கைப்பிடி ஈயம். மூன்றாவது, எல்லாவற்றிலும் முதன்மையானது: அறிந்தவரை அழைத்தல். அச்சுக்கோத்த கைகள் இன்றும் நம்மிடையே உள்ளன; ஆனால் அவை முதுமை எய்திவிட்டன. அவர்களை அழைத்து ஆசிரியர் இருக்கையில் அமர்த்தி, தக்க ஊதியமும் தந்து, இளம் வடிவமைப்பாளர்க்கு ஒரு வரி கோக்கக் கற்பிக்கச் சொல்லலாம்.

அதனால் இளைஞர்க்குப் பயன் என்ன என்று கேட்கலாம். அவர்கள் நாள்தோறும் கையாளும் சொற்களே அதற்கு விடை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டையும் மேற்பெட்டி, கீழ்ப்பெட்டி என்னும் பொருள்பட வழங்குவது பழைய எழுத்துப் பெட்டிகளை வைத்த நிலையால் வந்தது. வரியிடை வெளிக்கு வழங்கும் 'லெடிங்' என்ற பெயர் வரிகளுக்கிடையே செருகிய ஈயத் தகட்டால் வந்தது. கோப்பைச் சேமிக்க அவர்கள் தொடும் சிறு படம், இன்று எவரும் பயன்படுத்தாத காந்தத் தட்டின் உருவம். பெயர் நிலைத்துப் பொருள் மறைந்த உலகில் அவர்கள் உழைக்கிறார்கள். ஒருமுறை அந்த ஈயத் தகட்டைக் கையிலெடுத்து இரு வரிகளுக்கிடையே செருகியவர், வெற்றிடம் என்பதும் எடையுள்ள ஒரு பொருளே என்பதை அறிவார். அவ்வறிவு திரையில் அவர் அமைக்கும் பக்கத்திலும் வெளிப்படும்.

எல்லாக் கருவியையும் காத்தல் இயலாது, வேண்டுவதும் இல்லை. செப்பனிட முடியாதது உருகிப் புது வார்ப்பாவது இயற்கை. ஈய எழுத்தே தேய்ந்தபின் உருகி மீண்டும் எழுத்தாகப் பிறந்ததுதான். உருக்கப்பட்ட கருவிக்கு நாம் தீங்கு இழைத்தவராக மாட்டோம். வைத்துக்கொள்வோமாயின், இன்னது, இன்ன பணி செய்தது, இன்னாரால் இயங்கியது என்று அறிந்து வைத்துக்கொள்வோம். தொண்டைமான் கொட்டிலில் மாலைக்குக் குறைவில்லை. நம் கூடங்களில் குறைவாயிருப்பது கொல்லன் உலைக்களமே.